விளக்கை அணைக்கச் சொன்னவள்

லியோட்டா ஸ்ட்ரிக்லண்ட் ஃப்ளோரிடா கடற்கரையில் ஒரு சொகுசு விடுதியில் துணி வெளுத்துக்கொண்டிருந்தாள். கணவன் ஹார்லன் எண்ணெய்க் கப்பலில் கொதிகலனுக்குத் தீ மூட்டுபவன். 1942 பிப்ரவரியில் விடுப்பில் வந்தவன், அவள் பொரித்து வைத்த மீனைத் தொடவே இல்லை.

"உங்க விடுதி வெளிச்சம் கடல்ல இருந்து பாத்தா திருவிழா மாதிரி இருக்கு, லியோ. ஜெர்மன்காரன் நீர்மூழ்கிய வெளிய நிறுத்திட்டுக் காத்திருக்கான். அந்த வெளிச்சத்துக்கு குறுக்கதான் நாங்க போறோம். கப்பல் கறுப்பா எடுப்பாத் தெரியும். அவன் கண்ண மூடிக்கிட்டே அடிக்கலாம்."

மறுநாளே அவள் முதலாளி ஃபென்விக்கிடம் போய் நின்றாள்.

"மாடி விளக்கையாவது அணைச்சிடுங்க, ஐயா."

"சீசன் நேரம்மா இது. இருட்டுல உக்கார எவன் வருவான்? கப்பலக் கடற்படை பாத்துக்கும். நீ போய் விரிப்பத் துவை."

ஹார்லன் கப்பலேறிவிட்டான். ஏப்ரலில் ஒரு நாள், பொழுது சாய்ந்து நடனம் களைகட்டிய நேரம், ஜன்னல்கள் அதிர்ந்தன. கரைக்கு நேர் எதிரே ஓர் எண்ணெய்க் கப்பல் பற்றி எரிந்தது. விருந்தாளிகள் கோப்பையும் கையுமாக மணலுக்கு ஓடினார்கள். ஒருத்தி குழந்தையைத் தோளில் ஏற்றி வேடிக்கை காட்டினாள். பாட்டு நிற்கவில்லை. விளக்கும் அணையவில்லை. அந்த வெளிச்சத்தில் நீர்மூழ்கி ஆற அமர இன்னொரு டார்பிடோ குண்டை விட்டது.

அது ஹார்லனின் கப்பல் இல்லை. அவன் டெக்சஸ் துறைமுகத்தில் இருந்தான். அது தெரிந்தும் அவள் பின்கட்டுக்கு ஓடினாள். சலவை அறைக்குப் பின்னால் இருந்த மின்பெட்டியைத் திறந்து பெரிய விசையை இழுத்தாள். யாரும் மறுபடி போடாதபடி இரும்புக் கம்பியால் அடித்து நொறுக்கினாள்.

ஃபென்விக் ஓடிவந்தார். "உனக்கென்ன பைத்தியமாடி? உள்ள விருந்தாளிங்க இருக்காங்க!"

"வெளிய மனுசங்க வேகுறாங்க. கம்பி இன்னும் என் கையிலதான் இருக்கு, கிட்ட வராதீங்க."

படகில் கரை சேர்ந்தவர்கள் மேலெல்லாம் எண்ணெய் அப்பி வந்தார்கள். விடுதியின் வெள்ளை விரிப்புகளை அள்ளிக்கொண்டு போய்த் துடைத்துவிட்டாள். சிலருக்கு விரிப்போடு தோலும் வந்தது. பாதியிலேயே போலீஸ் அவளை இழுத்துப் போனது. சொத்தை நாசமாக்கியதற்குச் சிறை. வேலையும் போயிற்று. அவள் வெளியே வந்தபோது விளக்குகளைக் குறைக்கச் சொல்லி அரசே உத்தரவு போட்டிருந்தது. ஃபென்விக் வாசலில் பலகை மாட்டியிருந்தார்: 'தேசத்துக்காக இருளில் இருக்கிறோம்.' அவள் அதன்மேல் காறித் துப்பினாள்.

அந்தக் கோடையில் கரீபியன் கடலில் ஹார்லனின் கப்பலும் அடிபட்டு மூழ்கியது. அவன் திரும்பவில்லை.

போர் முடிந்ததும் ஊர்ச் சதுக்கத்தில் நினைவுக்கல் நட்டார்கள். அதில் அவன் பெயர் இல்லை.

"அவர் சிப்பாய் இல்லையேம்மா, சம்பளத்துக்குக் கப்பல்ல போனவர்தானே?" என்றார் மேயர்.

"டார்பிடோ அவன்கிட்ட சீருடை எங்கன்னு கேட்டுச்சா?"

மேயர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நகர்ந்துவிட்டார். மறுநாள் காலை, கடைத்தெரு முழுக்கப் பார்த்திருக்க, அவள் உளியால் கல்லின் பக்கவாட்டில் கணவன் பெயரைச் செதுக்கினாள். நகராட்சி அதைத் தேய்த்து அழித்தது. மறுபடி செதுக்கினாள். இந்த முறை கடலில் மாண்ட வேறு மாலுமிகளின் மனைவிமார் இரண்டு பேர் பக்கத்தில் வந்து நின்றார்கள். "எங்க ஆளு பேரையும் போடு, லியோட்டா" என்றாள் ஒருத்தி. மூன்று பெயரையும் அதன்பின் யாரும் தொடவில்லை.