மும்தாஜின் தலையணைக்கு அடியில்

மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டு பைபிளில் தலைவலித் தைலத்தின் வாடை வீசும். தாராவியின் அந்த ஒற்றை அறையில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அம்மா அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவாள்; அப்பாவோ சிவப்புப் பென்சிலால் வசனங்களுக்குக் கோடு போட்டு, முதல் பக்கத்தில் எங்கள் பிறந்தநாள்களை எழுதி, நடுவில் கரண்டு பில்லையும் செருகி வைத்திருப்பார். "ஆண்டவரு நம்ம பாஷையில பேசுதாரு, நம்மகூடயே கெடக்கட்டும்" என்பது அவர் கட்சி.

அடுத்த வீட்டில், என் வயதுக்காரி மும்தாஜின் வீட்டில், குர்ஆன் பச்சை வெல்வெட் உறைக்குள், எல்லார் தலைக்கும் மேலே ஒரு பலகையில் இருந்தது. முகம், கை, கால் கழுவி "ஒளு" செய்யாமல் யாரும் தொடமாட்டார்கள். மும்தாஜ் அதை அரபியிலேயே ராகமாக ஓதுவாள். அர்த்தம் தெரியாமல் எதற்கு என்று நான் சீண்டினால், "அல்லா சொன்ன சொல்லே இதுதாம்ட்டி, தமிழ்ல இருக்கது அதோட அர்த்தம் மட்டுந்தான்" என்பாள். ரொம்பத்தான் பீற்றிக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்குப் பத்து வயதான அந்த மழையில் மும்தாஜுக்கு வந்த காய்ச்சல் ஆறு நாளாகியும் இறங்கவில்லை. ஒரு மத்தியானம் அவள் உம்மா, நான் மாமி என்று கூப்பிடுகிறவர்கள், மருந்துக்கடைக்குப் போயிருந்த நேரத்தில் மழையில் நனைந்தபடியே உள்ளே நுழைந்தேன். துவண்டு கிடந்தவளைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: ஸ்டூலில் ஏறிக் குர்ஆனை இறக்கி, அவள் தலையணைக்கு அடியில் செருகினேன்.

அவள் கண் திறந்தாள். வேதத்தின்மேல் தலை படக்கூடாதென்று பதறி, எழுந்திருக்க முடியாதவள் கழுத்தை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதை உருவி நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "உம்மா வந்துருவாவ, நீ ஓடிருட்டி" என்றாள். ஸ்டூலைத் தள்ளி வைத்துவிட்டு ஓடினேன். அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், மறுநாள் இறந்துபோனாள்.

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் மாமி ஒன்றையே சொன்னார்கள்: "எம் புள்ள தானா எந்திரிச்சு, ஒளு செஞ்சு, வேதத்த நெஞ்சில வச்சிருந்தா. தரையெல்லாம் தண்ணி." அந்தத் தண்ணீர் என் பாவாடையிலிருந்து சொட்டியது. தொடக்கூடாததைத் தொட்டு அவளைக் கொன்றுவிட்டேன் என்று பல வருஷம் நம்பினேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் தூக்கிப் பிடித்த அந்தக் கழுத்துதான் முன்னால் நிற்கிறது.

இப்போது அந்தச் சந்தே இல்லை. இடித்துவிட்டுத் தகரம் அடைத்து வைத்திருக்கிறார்கள். மாமி சான்பாடாவில் மகன் வீட்டில் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று போன மாதம் ரயிலேறிப் போனேன். நான் தொடங்குவதற்குள் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்:

"காய்ச்சல்காரப் புள்ள அம்புட்டு ஒசரம் எப்படிட்டி எட்டுனா? அல்லாவே தூக்கி விட்டுருப்பானோ?"

"ஆமா மாமி" என்றேன்.