கழுவி எடுத்துப்போன போத்தல்

டொரன்டோவில் எங்கள் தெருமுனையிலுள்ள பழைய மண்டபமொன்றில் ஒரு கிளினிக் நடக்கிறது. இலாபம் பார்க்காத சிலர் நடத்துவது. காப்புறுதி அட்டை இல்லாதவர்களையும் கொடுப்பதை வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வைத்தியம் பார்ப்பார்கள். போன மாரியில் என் மனைவி சுபைதாவுக்கு அடிவயிற்று நோவு என்றதும், ஊர்ப் பழக்கப்படி வெறும் போத்தலொன்றைக் கழுவிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு பனியில் நடந்தேன். மேசையில் அதை வைத்து, "மனைவிக்கு" என்றேன். தாதி கையுறை மாட்டிக்கொண்டு போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சோதனைக்குச் சிறுநீர் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள் பாவம்! மருந்து ஊற்றத்தான் என்றேன். நோயாளி எங்கே என்றாள். வீட்டில் என்றேன். நடக்க முடியாமல் கிடக்கிறாளாக்கும் என்று பதறி, அம்புலன்ஸை அழைக்கத் தொலைபேசியைத் தூக்கிவிட்டாள். "வேண்டாம், அவளுடைய வருத்தத்தை நானே சொல்கிறேன்" என்று மன்றாடினேன். "அவளுடைய நோவு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். அசடு வழியத் திரும்பி வந்தேன்.

ஊரில் இதை வாசிக்கிற உங்களுக்கு என் பிழை விளங்கும். எழுபதுகளின் கடைசியில் கல்முனையில் எங்கள் பகுதிச் சங்கமும் இப்படியொரு மருந்துச்சாலை நடத்தியது. வியாழக்கிழமைகளில் வெளியூர் டொக்டர் ஒருவர் வருவார். வரிசையில் நிற்பதெல்லாம் ஆண்கள்தான். வீட்டுப் பெண்களின் வருத்தத்தைப் புருசனோ சகோதரனோ போய்ச் சொல்லி, கொண்டுபோன போத்தலில் மருந்து வாங்கி வருவான். என் மூத்த சகோதரி ராத்தாவுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. மச்சான் வயல் வேலையாகப் பொத்துவில் போயிருந்தார். ராத்தா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தம்பி, ரெத்தம் நிக்கிதில்ல எண்டு டொக்டருட்ட சொல்லு" என்றாள். கூடப்பிறந்தவனிடம் அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும்!

என் முறை வந்தபோது எனக்குப் பின்னால் மச்சானின் மூத்த சகோதரரான காக்கா நின்றார். அவருக்குப் பின்னால் பாதி ஊர் நின்றது.

"என்ன வருத்தம்?"

"அசதி சேர். தலைச்சுத்து."

"வேற ஏதும் இரிக்கா?"

"இல்ல சேர்."

சிவப்பு மருந்து ஊற்றித் தந்தார். வீட்டு வாசலில் நான் கால் வைக்கவே ராத்தா கேட்டாள்: "சொன்னியா தம்பி?"

"ஓம் ராத்தா."

என்னை நம்பி மூன்று வேளையும் தவறாமல் குடித்தாள். அடுத்த வியாழனுக்கு முன் மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்டாள். காய்ச்சல் என்று ஊர் சொன்னது, நானும் சொன்னேன். ஒன்றுக்கும் உதவாத டொக்டர் என்று சிலர் அந்த மனிசனை ஏசினார்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

டொரன்டோ கிளினிக்கிலிருந்து போத்தலோடு திரும்பிய மறுநாள் சுபைதாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பெண் டொக்டர் அவளை மட்டும் உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தினார். குடும்பக் கோப்புக்கென்று தாதி என்னிடமும் ஒரு படிவத்தைத் தந்தாள். உடன்பிறந்தவர்களில் இறந்தவர் உண்டா, எந்த நோயால் என்று அதில் கேட்டிருந்தது. பழக்கதோஷம், காய்ச்சல் என்றே எழுதினேன்.

அரை மணித்தியாலம் கழித்துச் சுபைதா வெளியே வந்தாள். பயப்பட ஒன்றுமில்லை, மருந்தில் சுகமாகிவிடும் என்றார்களாம்.

"இந்த நோவு ரெண்டு மாசமா இரிக்கி எண்டும் சொன்னன்."

"என்னட்டச் சொல்லல்லையே?"

"நீங்க போய் ஆக்களுக்கு முன்னால சொல்லணுமே. உங்களால ஏலுமா?"

படிவத்தைத் திரும்ப வாங்கிக் காய்ச்சலை வெட்டினேன். 'பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு. நான் சொல்லவில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். "யாரிடம் சொல்லவில்லை?" என்று தாதி கேட்டாள். படிவத்தை அவள் பக்கம் தள்ளினேன். அவள் அதை இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

கல்முனைக் கடற்கரை மணலில் ராத்தா இன்னும் காய்ச்சலில் போனவளாகத்தான் கிடக்கிறாள். அவள் சொல்லச் சொன்னது, அவளுக்கு வாசிக்கத் தெரியாத பாஷையில், இந்தப் பனி ஊரின் அலமாரியொன்றில் இருக்கிறது.