நொடிக்கு ஆறு படம்

மொரப்பூர் ஸ்டேஷன் ரோட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கும் கலைவாணனிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், "முகம் கொஞ்சம் மங்கலா இருக்குதுங்களே" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. மனிதருக்குப் பொத்துக்கொண்டு கோபம் வரும். இருபத்தாறு வருஷமாகக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று அந்த வட்டாரத்து முகங்களையெல்லாம் பிடித்துக் கொடுத்தவர். முகம் தெளிவாக இருந்தால் வீடியோ தெளிவு, மற்றதெல்லாம் சும்மா என்பது அவருடைய வேதம். அந்த வேதம்தான் கடைசியில் அவரைக் கவிழ்த்தது.

அவருக்கு ஒரே தம்பி, மாதவராஜ். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. சாப்பாடு, தூக்கம், மாடு, மழை, வா, போ என்று வீட்டில் ஒரு பன்னிரண்டு சைகை இருந்தது. குடும்பம் அதை வைத்தே ஓடியது. பிறகு தம்பி காது கேளாதோர் பள்ளிக்குப் போய் விடுதியில் தங்கிப் படித்தான். கையாலேயே கதை சொல்லவும் சண்டை போடவும் கிண்டல் பண்ணவும் தெரிந்த ஆளாகத் திரும்பி வந்தான். அண்ணனோ அந்தப் பன்னிரண்டிலேயே நின்றுவிட்டார். "நான் சொல்றது அவனுக்குப் புரியுது, அவன் சொல்றது எனக்குப் புரியுது, அப்புறம் என்னங்க?" என்பார். எங்கே புரிந்தது? ஒரு மண்ணும் புரியவில்லை.

அதே பள்ளியில் படித்த சசிகலாவைத்தான் மாதவராஜ் கட்டினான். அவளுக்கும் காது கேட்காது. அவனுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, அறை எடுத்துத் தங்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்கு வருவான். ஊரில் டவர் சரியாகக் கிடைக்காது. வீடியோ கால் போட்டால் பாதிப் பேச்சில் படம் நின்றுவிடும், கை அந்தரத்தில் தொங்கும். அதனால் அண்ணன் கடையில் சும்மா கிடந்த பழைய கேமராவை வாங்கிப் போனான். நேரம் கிடைத்த நாளில், வேலை முடிந்து வந்ததும் கேமராவை டிரங்குப் பெட்டிமேல் வைத்து, எதிரே கட்டிலில் உட்கார்ந்து, பொண்டாட்டியிடம் பேசிப் பதிவு செய்வான். ஞாயிறன்று டிவியில் மாட்டி இரண்டு பேரும் பார்ப்பார்கள். அவள் சிரித்துச் சிரித்து அவன் தொடையில் அடிப்பாளாம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். நாற்பத்தொரு வயசு, சாகிற வயசா அது? துணிமணியோடு வந்த பையில் கேமராவும் இருந்தது, உடைந்து, ஓடாமல். உள்ளே இருந்த கார்டில் அறுபத்துமூன்று வீடியோ. கடைசி வீடியோவுக்கு வியாழக்கிழமைத் தேதி. அந்த வாரம் எடுத்தது அது ஒன்றுதான், அதை மட்டும் சசிகலா பார்த்ததில்லை.

காரியம் முடிந்த மறுவாரம் கார்டை எடுத்துக்கொண்டு அவள் ஸ்டுடியோவுக்கு வந்தாள். அந்தப் பழைய வகை ஃபைல் அவள் போனில் திறக்கவில்லை. போனில் தட்டிக் காட்டினாள்: "மாமா, எல்லாம் என் போன் கேலரியில் வேண்டும். தெளிவு குறையக் கூடாது." கடைசி வீடியோவை இப்போதே கம்ப்யூட்டரில் போடட்டுமா என்று கலைவாணன் கையைக் காட்டிக் கேட்டார். கடை வாசலில் நின்ற ஆட்களைப் பார்த்துவிட்டுத் தலையாட்டி மறுத்தாள். "வீட்டில் தனியாகப் பார்க்கிறேன்" என்று எழுதினாள்.

கலைவாணன் வேறு வேலையை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தார். அதில் குறை சொல்ல முடியாது. வியாழக்கிழமை வீடியோவை முதலில் போட்டு, முழுசாக இரண்டு தடவை பார்த்து, தேம்பித் தேம்பி அழுதார். அப்புறம் கணக்குப் போட்டார். ஃபைல்களோ மலை மாதிரி, அவள் போனில் இருந்த இடமோ கையளவு. வீடியோ என்பது நொடிக்கு இருபத்தைந்து போட்டோ ஓடுவதுதானே. இங்கே யாரும் ஓடவில்லை, ஆடவில்லை, ஒரு ஆள் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான், பேச்சுச் சத்தம்கூட இல்லை. இதற்கு எதற்கு இருபத்தைந்து? ஆறு போதும் என்று, நாலைந்து படத்தை ஒன்றாகக் கலந்து குறைத்தார். மிச்சமான இடத்தையெல்லாம் முகத்தின் தெளிவுக்கே கொடுத்தார். மாதவராஜின் தாடி மயிர் ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி வந்தது.

காபி கொண்டுவந்த அவர் மனைவி நிர்மலா திரையை எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, கையெல்லாம் என்னமோ புகையாட்டம் இருக்குதே?"

"கையை யாரு பாக்கப் போறா? நீ மூஞ்சியைப் பாரு, கண்ணாடி மாதிரி இருக்குது."

நிர்மலா டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள். இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். ஆனால் வேலை நேரத்தில் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள யாருக்கு ஆசை?

சனிக்கிழமை எல்லாவற்றையும் சசிகலாவின் போனில் ஏற்றிக் கொடுத்தார். கடைசி வீடியோவை இரண்டு தடவை பார்த்ததாக விரலைக் காட்டிச் சொன்னார். கொடுத்து முடித்த வேலையின் கார்டைத் துடைத்துவிடுவது ஸ்டுடியோக்காரர்கள் வழக்கம். இல்லையென்றால் ஒரு வீட்டுக் கல்யாணத்தில் இன்னொரு வீட்டுப் பெண் வந்து நிற்பாள். கை தானாகத் துடைத்தது. கார்டிலிருந்து நேராகவே மாற்றியதால் கம்ப்யூட்டரில் நகலும் கிடையாது. ஞாயிறு மாரண்டஹள்ளியில் ஒரு மஞ்சள் நீராட்டு. அதே கார்டு கடைக் கேமராவுக்குள் போய், நாலு மணி நேரம் ஓடியது.

செவ்வாய்க்கிழமை சசிகலா கலைவாணனின் வீட்டுக்கே வந்தாள். போனை அவர் முன்னால் நீட்டி வியாழக்கிழமை வீடியோவை ஓடவிட்டாள். முகம் முகமாக இருந்தது. கழுத்துக்குக் கீழே இரண்டு கைகளும் கலங்கிய தண்ணீர் மாதிரி, இங்கே ஒரு விரல், அங்கே ஒரு முழங்கை. அவள் தன் கையால் மெதுவாக ஏதோ பேசிக் காட்டினாள். பிறகு திரையைச் சுட்டிக் காட்டி, வாயைப் பொத்தினாள். அப்போதுதான் கலைவாணனுக்கு உறைத்தது. தம்பியின் வாயைப் பொத்தியது யாரென்றும் புரிந்தது.

ஒரு வாரத்தில் சரி பண்ணித் தருவதாக எழுதிக் கொடுத்து அனுப்பினார். கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான், இவர் எந்த மூலைக்கு? கார்டைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்கு ஓடினார். அழிந்ததை மீட்டுத் தருகிற ஆள் ஒரு நாள் முழுக்கத் தோண்டினார். வந்ததெல்லாம் மாரண்டஹள்ளிப் பெண்ணும், சீர்வரிசைத் தட்டும், மஞ்சள் தண்ணியும்தான்.

"மேலயே எழுதிட்டீங்க சார். அடியில ஒண்ணுமே இல்ல."

"ஒரு நாலு நிமிசம் மட்டும் கெடைச்சாப் போதுங்க."

"இருந்தா எடுத்துத் தரமாட்டனா?"

எட்டாம் நாள் தம்பி வீட்டுக்குப் போனார். வழியெல்லாம், "பாவி, எந்தம்பி பேசுனதையே அழிச்சுப்புட்டனே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார். அழிந்துபோச்சு என்பதற்கு அவரிடம் சைகை இல்லை. ஒரு உள்ளங்கையை இன்னொரு உள்ளங்கையால் துடைத்துக் காட்டினார். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

சசிகலா அழவில்லை. சுவரோரம் உட்கார்ந்தாள். பிறகு போனில் தட்டி அவரிடம் நீட்டினாள். "மாமா, நல்ல வீடியோவை நீங்கள் மட்டும்தான் பார்த்தீர்கள். இரண்டு தடவை பார்த்தேன் என்றீர்கள். அர்த்தம் உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவர் கை எப்படிப் போனதோ அப்படியே செய்து காட்டுங்கள். நான் படித்துக்கொள்கிறேன்."

கலைவாணன் இரண்டு கைகளையும் தூக்கினார். தம்பியின் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு, சட்டையில் விட்டுப்போன பொத்தான், பின்னால் சுவரில் தொங்கிய காலண்டர் எல்லாம் அவருக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. வலது கையை நெஞ்சில் வைத்தார். இல்லை, நெற்றியோ என்று மேலே கொண்டுபோனார். அப்புறம் எது, இடதா? நாலு நிமிஷம் இருபது நொடி பேசியிருந்தான் மாதவராஜ். கலைவாணனின் கை நடுவழியில் நின்றது, மடியில் இறங்கிவிட்டது. சசிகலா இமைக்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.