அட்டையில் நான்தான் முதல்

கம்ப்யூட்டர் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு பாத்திரக்கடைக் காலண்டர். தினத்தாள்களை எல்லாம் கிழித்து முடித்த பிறகு மிஞ்சுமே, அந்த அட்டை. முன்பக்கம் குத்துவிளக்கும் குடமும். பின்பக்கம், நானும் அவளும் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, ஸ்கெட்ச் பேனாவால் எழுத்துகளை எழுதி வைத்த கீபோர்டு. தொண்ணூறுகளின் நடுவில் காரைக்குடியில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் பி.எட். படித்தோம். அவள் என் பெஞ்சுத் தோழி, விடுதியில் பக்கத்துக் கட்டில். நாளைய வகுப்பறைக்கு ஆசிரியர்களைத் தயார் செய்கிறோம் என்று முதல் நாளே முதல்வர் மேடையில் முழங்கினார். நாங்கள் கைதட்டினோம்.

கல்லூரியில் கம்ப்யூட்டர் இல்லாமல் இல்லை. ஒன்றே ஒன்று இருந்தது. மாடியில், கண்ணாடி ஜன்னல் போட்ட அறையில், ஏசி வைத்து, ரோஸ் கலரில் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். வாசலில் 'காலணிகளைக் கழற்றவும்' என்று ஒரு பலகை. கழற்றும் வாய்ப்பு எங்களுக்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை. சரஸ்வதி பூஜை அன்று மட்டும் உறையை எடுத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஜன்னல் வழியாக வரிசையாகப் பார்க்க விட்டார்கள். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் வேதக்கார வீட்டுப் பெண், மாதா கோயிலுக்குப் போகிறவள், எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆனாலும் கை கூப்பத் தோன்றியது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

கல்வித் தொழில்நுட்பம் எடுத்த மேடம் மீது எனக்கு அவ்வளவு பிரியம். மற்றவர்கள் எங்களை நம்பர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இவர் மட்டும், நாங்கள் ஒரு வகுப்புகூட எடுக்காத காலத்திலேயே, 'டீச்சர்' என்பார். "டீச்சர், இங்குட்டு வாங்க" என்று அவர் சொன்னால் முதுகு நிமிர்ந்துவிடும். கம்ப்யூட்டரை எப்போது தொடலாம் என்று கேட்டபோது, "மெஷினுக்குள்ள போர்டு போயிருச்சும்மா. மதுரையிலருந்து ஆளு வரணும்" என்றார். ஆள் வரும் என்று நாங்களும் இருந்தோம். அதுவரை அட்டை. இரண்டு பேருக்கு ஓர் அட்டை, முறை மாற்றி.

அவர் சொல்லிக்கொடுத்த முறையை நான் விளக்கியே ஆக வேண்டும், என் மானம் போனது அதனால்தான். வகுப்பில் நாற்பது பேர். மேடம் ஓர் எழுத்தைச் சொல்வார். நாங்கள் அதை உரக்கத் திருப்பிச் சொல்லிக்கொண்டே உரிய விரலை அட்டையில் வைத்து அழுத்த வேண்டும். வைத்த விரலை எடுக்கக் கூடாது. மேடம் ஒவ்வொரு பெஞ்சாக வந்து, சரியான விரல் சரியான கட்டத்தில் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். கடைசி பெஞ்சையும் பார்த்து முடித்த பிறகு "எடு" என்பார். இருபது விரலும் ஒன்றாக எழும்பும். பிறகு அடுத்த எழுத்து. மாதக்கணக்கில் இதே பாடம். கண்ணை மூடிக்கொண்டு நான் பிசகாமல் வைப்பேன். வகுப்பில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று மேடமே சொன்னதுண்டு.

எனக்கு ஒரு தொல்லை உண்டு. உள்ளங்கையும் விரல் நுனியும் வேர்க்கும், மார்கழியிலும் வேர்க்கும். ஸ்கெட்ச் பேனா மை ஈரம் பட்டால் கலங்கிவிடும். வாரத்துக்கு ஒரு முறை என் விரல் பட்ட கட்டங்கள் மட்டும் நீலக் குழம்பாகி நிற்கும். அவள் அலுத்துக்கொள்ளாமல் உட்கார்ந்து, கலங்கிய எழுத்துகளின் மேல் மறுபடி எழுதுவாள். பயிற்சிக்கு முன்னால் தன் முந்தானையால் என் கையைப் பிடித்துத் துடைத்துவிடுவாள். "கையாடி இது, கண்மாய்" என்பாள். என் கூடப் பிறந்தவர்கள்கூட அந்தக் கையை அப்படிப் பிடித்தது கிடையாது.

எனக்கு ஊர் சிங்கம்புணரிப் பக்கம். அப்பா விவசாயம். என்னைப் படிக்க வைத்ததே வீட்டில் பெரிய சண்டைக்குப் பிறகுதான். விடுதிக்குக் கொண்டுவந்து விட்ட அன்றே அப்பா பேச்சை முடித்துவிட்டார். "ஆனிக்குள்ள வேலை கெடைச்சா வேலைக்குப் போ. இல்லாட்டி சம்பந்தம் பேசிருவோம், அழுகக் கூடாது." எனக்கு வேலைக்குப் போக வேண்டும். ஒரு வகுப்பறை, ஒரு கரும்பலகை, மாலையில் யாரையும் கேட்காமல் ஒரு நடை. அதற்கு மேல் நான் எதுவும் ஆசைப்படவில்லை. இது முழுதாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

கார்த்திகையிலிருந்து சனிக்கிழமைதோறும் அவள் நாட்டரசன்கோட்டைக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே அத்தை வீடு, அத்தைக்கு முட்டுவலி, துணைக்கு ஆள் இல்லை என்றாள். காலையில் போனால் பொழுது சாயத் திரும்புவாள். கண் சிவந்திருக்கும். கேட்டால், "பஸ்ஸுல காத்துடி" என்பாள். அந்தச் சனிக்கிழமைகளில் நான் தனியாக அட்டையை வைத்துக்கொண்டு எழுத்தை நானே சொல்லி, விரலை நானே வைத்து, 'எடு' என்று நானே சொல்லிக்கொள்வேன். அத்தைக்குக் குணமாக வேண்டும் என்று மாதா படத்துக்கு முன்னால் நின்று ஜெபம்கூடச் செய்தேன். நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

பரீட்சை முடிந்த கையோடு மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் நடக்கும் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறதாம். பிள்ளைகளுக்கு அதில் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த டீச்சர் ஒருவர் வேண்டுமாம். "ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. யாருக்குக் கெடைச்சாலும் எனக்குச் சந்தோசந்தான்" என்றார். எங்கள் சான்றிதழில் 'கணினி கையாள்வதில் செய்முறைப் பயிற்சி பெற்றவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவரும் அவரே.

பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அட்டையை எடுத்து இருவர் மடியிலும் சேர்த்து வைத்தேன். நான் எழுத்தைச் சொன்னேன், அவள் விரலை வைத்தாள். நான் "எடு" என்று சொல்லும்வரை எடுக்கவில்லை. பிறகு அவள் சொன்னாள், நான் வைத்தேன். நான் விரலை அழுத்திக்கொண்டு காத்திருந்ததை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கானாடுகாத்தான் வரும்வரை இப்படியே போனோம்.

தாளாளர் ஓர் ஆச்சி, அந்த வீட்டுக்கே உரிமைக்காரர். கம்ப்யூட்டரை உள்கட்டில், முன்பு சாமான் பூட்டி வைத்த ஒரு பெட்டக அறையில் வைத்திருந்தார்கள். தரையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர். மெஷினை ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார்கள், நீலத் திரை வெறுமையாக இருந்தது. முதலில் என்னை உட்காரச் சொன்னார்கள். "பயப்படாதீக. மில்க்குன்னு அடிச்சுக் காமிச்சு, எழுத்தைச் சொல்லிக் குடுங்க" என்றார் ஆச்சி.

அன்று, ஆச்சரியம், கை வேர்க்கவே இல்லை. 'எம்' எங்கே என்று தேடவும் இல்லை. வலது ஆள்காட்டி விரலை வைத்தேன், அழுத்தினேன். கற்றுக்கொண்டபடி உரக்க "எம்" என்றேன். விரலை அப்படியே வைத்துக்கொண்டு, நல்ல ஆசிரியை செய்வது போல, பிள்ளைகள் பக்கம் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சிரித்தேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் ஒரு பெண் குழந்தை வாயைப் பொத்தியது. அப்புறம் எல்லாம் சேர்ந்து சிரித்தன. "டீச்சர், நிக்காமப் போகுது!"

திரும்பினேன். திரையில் எம், எம், எம் என்று வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பதறிவிட்டது. அதை நிறுத்த வேண்டும் என்று இன்னும் பலமாக அழுத்தினேன். பாதித் திரை நிரம்பிவிட்டது. "கையை எடும்மா" என்றார் ஆச்சி. எடு என்று சொல்ல ஆள் வந்துவிட்டது, விரல் தானாக எழும்பியது. ஓட்டம் நின்றது. ஏன் ஓடியது, ஏன் நின்றது என்று எனக்கு விளங்கவில்லை. மெஷின் கோளாறு என்றே நினைத்தேன். அடுத்து அவளும் உட்கார்ந்தால் அவளுக்கும் இப்படித்தான் ஓடும், பாவம் என்று நினைத்தேன்.

அவள் வந்து உட்கார்ந்தாள். முதல் வேலையாக ஓரத்தில் இருந்த ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தாள். என் எம் எல்லாம் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தன. அப்படி ஒரு பொத்தான் இருப்பதே எனக்குத் தெரியாது. நாங்கள் வரைந்த அட்டையில் அழிக்கும் பொத்தானே கிடையாது. பிறகு டக், டக், டக், டக் என்று நாலே தட்டு. விரல் பட்டதும் எடுத்தாள். நாலு எழுத்து, நேராக, ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை. பிள்ளைகள் "மில்க்" என்று கத்தின. அந்த விரல்களைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அட்டையில் பழகிய விரல் அப்படி எழும்பாது. இவள் இதைத் தொட்டவள், ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, நிறைய நாள் தொட்டவள்.

வேலை அவளுக்கு. அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

பஸ்ஸுக்கு நின்றோம். வெயில். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"எத்தனை நாளாடி?" என்றேன்.

"என்னது?"

"மெஷினைத் தொட்டு."

"கார்த்திகையிலருந்து" என்றாள். மேடத்துக்கு ஆராய்ச்சிக் கட்டுரை இருந்ததாம், டைப் பண்ண ஓர் ஆள் தேவைப்பட்டதாம், சனிக்கிழமை கல்லூரியில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதால் அன்றைக்கு வரச் சொன்னாராம். போர்டும் போகவில்லை, மதுரையிலிருந்து எந்த ஆளும் வர வேண்டியதில்லை. நாட்டரசன்கோட்டையில் அத்தை என்று ஒருத்தி இருந்தாளா என்றுகூட நான் கேட்கவில்லை. "யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு மேடம் சொன்னாக."

"நான் யாரோவா?"

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "பஸ்ஸுல வரையில, விரலை உடனே எடுத்துரணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. ஒரு வார்த்தை. என் மடியில கெடந்த அட்டையில என் கூடச் சேர்ந்து பொய்யா அழுத்திக்கிட்டு வந்தியே."

"சொன்னா, எப்புடித் தெரியும்னு கேப்பியே."

"ஏன்டி, வகுப்புல பிசகாம அடிக்கிறவ நானு. மேடத்துக்கு அது தெரியும். அப்புறம் எப்புடி உன்னையக் கூப்பிட்டாக?"

இதைக் கேட்காமல் இருந்திருக்கலாம். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்துச் சொன்னாள். "உன்னையத்தான் முதல்ல கூட்டியாரச் சொன்னாக. நான்தான் சொன்னேன். அவளுக்குக் கை வேர்க்கும் மேடம், மெஷினுக்கு ஏதாச்சும் ஆயிரும்னு."

பஸ் வந்தது. ஏறும்போது பழக்கத்தில் என் கையைப் பிடிக்க வந்தாள். நான் உதறினேன். அட்டை அவள் பையில்தான் இருந்தது. அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். காரைக்குடிவரை வேறு சீட்டில் உட்கார்ந்து வந்தேன். அதற்குப் பிறகு அவளோடு நான் பேசவில்லை.

மதிப்பெண் பட்டியல் வாங்கப் போன அன்று மேடத்திடம் கேட்டேன். "ரிப்பேர்னு சொன்னீகளே மேடம்." அவர் முகம் ஒன்றும் மாறவில்லை. "அப்புடிச் சொல்லாட்டி நாப்பது பேரும் வந்து நிப்பீகளேம்மா. ஒரு மெஷினு, என்ன செய்ய?" என்றார். நாற்பது பேரும் பயிற்சி பெற்றதாகச் சான்றிதழில் எழுதியிருக்கிறதே என்றேன். "அது எழுதித்தானம்மா ஆகணும்" என்றார். அன்று அவர் என்னை டீச்சர் என்று கூப்பிடவில்லை. பட்டியலைப் பிரித்துப் பார்த்தேன். கல்வித் தொழில்நுட்பம் செய்முறையில் வகுப்பிலேயே நான்தான் முதல். அவள் எனக்கு அடுத்து.

ஆனி வந்தது. அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆவணியில் எனக்குக் கல்யாணம். கணவர் நல்ல மனிதர், அவரைப் பற்றி எனக்குக் குறை இல்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்த என் முறை வந்து, நான் ஒரு வகுப்பறைக்குள் நுழைந்தபோது என் மூத்த பெண் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். அவ்வளவு வருடம் போனது. பெருந்தன்மையாக ஏதாவது எழுதி இதை முடிக்கலாம் என்று பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது. அவள் வேலையை எடுத்துக்கொண்டதைக்கூட ஒரு மாதிரி விழுங்கிவிட்டேன். என் கையைத் துடைத்துவிட்டவள் அந்தக் கையையே காட்டிக்கொடுத்ததை விழுங்க முடியவில்லை.

எங்கள் பள்ளிக்கும் கம்ப்யூட்டர் வந்தது. யாரும் இல்லாத இடைவேளையாகப் பார்த்து அதன் முன்னால் உட்கார்ந்தேன். பயத்தில் கை சொட்டச் சொட்ட வேர்த்தது. துடைக்கவில்லை. வேண்டுமென்றே அந்த ஈர விரலால் 'எம்' பொத்தானைத் தட்டி, உடனே எடுத்தேன். திரையில் ஒரே ஒரு எழுத்து விழுந்தது. பொத்தானில் என் வேர்வை மினுங்கியது. மணி அடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை.