கறை இல்லாத மூலை

எஸ்தர் இறந்த செய்தி எனக்கு ஓர் அழைப்பிதழில் வந்தது. அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து, செங்கல்பட்டில் இரங்கல் கூட்டம் என்று அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். போனேன். எங்கள் தடய ஆய்வகத்தின் முன்னாள் தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, எஸ்தர் எங்கள் தூண் என்றார். அந்தத் தூணைப் பிடுங்கி வேறு ஊருக்கு எறிந்த உத்தரவு அவர் போட்டதுதான். அங்கே வந்திருந்த ஆய்வக நண்பர்களே, நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். நானும் பேசாமல்தான் உட்கார்ந்திருந்தேன். அதனால் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். புதுப்பட்டினத்து மீனவர் ஒருவரைக் கொலை வழக்கில் பிடித்திருந்தார்கள். அவருடைய கட்டுமரத்துப் பாய்த்துணியில் ரத்தக் கறை. அது மனித ரத்தமா என்று சொல்ல வேண்டியவன் நான். கறையை உப்புநீரில் ஊறவைத்து, மனித ரத்தத்தைக் காட்டிக்கொடுக்கும் முயல் சீரத்தோடு அந்தச் சாற்றை மெல்லிய குழாயில் சேர்ப்போம். இரண்டும் தொடும் இடத்தில் வெள்ளை வளையம் வந்தால் மனித ரத்தம். வந்தது. இன்ஸ்பெக்டர் வாசலில் காத்துக்கொண்டிருந்தார். எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஆய்வக உதவியாளரான எஸ்தர் மறுநாள் மிச்சத் துணியைக் கட்டிவைக்கும்போது முகர்ந்து பார்த்தார். “மரப்பட்டைச் சாயம் ஏத்துன துணி சார் இது. கறையக் கேட்டீங்க, சரி. கறை இல்லாத மூலையக் கேட்டீங்களா?”

கேட்கவில்லை. எந்தத் துணியிலும் கறையில்லாத பகுதியையும் சேர்த்தே சோதிப்பவன் நான். அன்று மட்டும் விட்டுவிட்டேன். அவசரம் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டேன். வாசலில் நின்ற இன்ஸ்பெக்டரிடம் பயம்தான்.

வெறும் மூலையை வெட்டிச் சோதித்தோம். அங்கும் அதே வளையம். சாயத்தின் துவர்ப்புதான் சீரத்தைத் திரியவைத்திருந்தது. எஸ்தர் சாற்றில் நீர் கூட்டிக் கூட்டி, வெறும் துணியில் வளையம் வராத பதத்தைக் கண்டுபிடித்தார். அந்தப் பதத்தில் கறையிலும் வளையம் இல்லை. பிறகு தன் விரலைக் குத்தி அதே துணியில் ரத்தம் வைத்தார். அதற்கு மட்டும் வளையம் வந்தது.

தலைவரிடம் போனோம். “லேப் அசிஸ்டெண்ட் சொல்லி நாம ரிப்போர்ட்டைத் திருத்துனா, நாளைக்குக் கோர்ட்டுல நம்மள யாரு மதிப்பாங்க?” என்றார். நான் “சரி சார்” என்றேன். வெளியே வந்ததும் எஸ்தர், “உங்க கையெழுத்து சார் அது. ஒரு ஆளு உள்ள கீறாரு” என்றார். நான் எழுதவில்லை. அவரே நீதிமன்றத்துக்கு எழுதினார். துணி வேறு ஆய்வகத்துக்குப் போனது. பதினோரு மாதம் கழித்து அந்த மீனவர் வெளியே வந்தார்.

அவர் மனைவி எஸ்தரைத் தேடி வந்து சொன்னாராம். மாமல்லபுரத்துப் பக்கம் வலையில் சிக்கிய கடலாமையை அறுத்த ரத்தம் அது; கடலாமையை அறுப்பதே குற்றம். “ஆமைன்னு சொன்னா அதுக்கும் சேத்து ஒரு கேஸ் போடுவாங்கன்னு வாய மூடிக்கினு இருந்துட்டாரு.”

மேலதிகாரியை மீறி எழுதினார் என்று எஸ்தரை மாற்றினார்கள். எனக்கு அடுத்த ஆண்டு பதவி உயர்வு. விடைபெறும்போது அவர் சொன்னார்: “நீங்க கெட்டவரு இல்ல சார். கெட்டவங்ககிட்ட ரொம்ப மரியாதையா கீறீங்க.”

கூட்டத்தில் அவர் படத்துக்கு மாலை போட்டார்கள். என்னிடம் அவர் படம் இல்லை. அந்த அறிக்கையின் நகல் இருக்கிறது. அதில் இரண்டு கட்டங்கள். ‘கறை உள்ள பகுதி’ என்பதற்கு எதிரே என் முடிவு. ‘கறை இல்லாத பகுதி’ என்பதற்கு எதிரே, சோதிக்கவில்லை என்பதற்கு ஒரு சிறிய கோடு. அதை இழுத்தது என் கை. எஸ்தரின் நினைவாக நான் வைத்திருப்பது அந்தக் கோட்டைத்தான்.