கோவிந்தனை விட்டுவிட்ட சரித்திரம்

ஹோர்சன்ஸ் நகரில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்யும் மேர்சி இலேசில் கோபப்படுகிறவள் அல்ல. பதுளைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். யாழ்ப்பாணத்து ஸ்ரிபனைக் கட்டி டென்மார்க் வந்தவள். இங்கே "தோட்டக்காட்டுப் பெட்டை" என்ற முணுமுணுப்புக் காதில் விழாத கொண்டாட்டமே இல்லை. அந்த வாய்களுக்குப் பயந்து யாழ்ப்பாணப் பேச்சைப் பழகிக்கொண்டாள். என்ன பயன்? நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

இந்த முறை மகளின் பேச்சால் பற்றிக்கொண்டது. தமிழ்ப் பாடசாலைப் பேச்சுப் போட்டியில் தலைப்பு, இலங்கை வெள்ளையரிடம் விடுதலை கேட்ட கதை. மகள் அஜந்தினி தாயோடு இருந்து எழுதினாள். தோட்டக் கூலிகளை அடைத்த லயங்கள் என்ற வரிசை அறைகளையும், யாழ்ப்பாண இளைஞர்கள் தேர்தலைப் பகிஷ்கரித்து முழு விடுதலை கேட்டதையும் எழுதினாள். முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வுக்குப் போராடிய கோவிந்தனைப் பொலிஸ் சுட்டுக் கொன்றதையும் எழுதினாள்.

போட்டிப் பொறுப்பாளர் பீற்றர் மாஸ்டர் கோவிந்தனை மட்டும் வெட்டி எறிந்தார்.

"அது தோட்டக்காட்டாரின்ர சம்பளச் சண்டை, தங்கச்சி. விடுதலைக்கும் அதுக்கும் என்ன? பிள்ளை இளைஞரோட முடிக்கட்டும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மனிசன்! "எழுதினபடியே பேசு, பிள்ளை" என்று மேர்சி மகளுக்குச் சொன்னாள்.

போட்டியன்றும் அவளைக் குசினியில்தான் விட்டார்கள். தேத்தண்ணி என்றால் மேர்சிதானாம். மேடையில் அஜந்தினி, முன்வரிசையில் மாஸ்டரின் முகத்தைக் கண்டதும் வெலவெலத்து, இளைஞர்களோடு முடித்து நன்றி சொல்லிவிட்டாள்.

குசினி வாசலில் நின்று கேட்ட மேர்சி அடுப்பை அணைத்தாள். நேரே மேடைக்கு ஏறி மைக்கைப் பிடித்தாள். இத்தனை வருடம் அடக்கிவைத்த சொந்தத் தோட்டத்துப் பேச்சு வெடித்து வந்தது.

"கோவிந்தன் சம்பளத்தத்தான் கேட்டாரு. அதுக்கே சுட்டானுங்க! பசிச்சவன் கேக்காம எந்தச் சுதந்திரம் வந்திச்சு? வெள்ளக்காரன் நாட்ட விட்டுப் போன அதே வருசம் புது அரசாங்கம் எங்க ஆளுக குடியுரிமையப் புடுங்கிச்சு. இப்ப செத்தவரு பேரையும் புடுங்குறீங்களா?"

"மேர்சி, கீழ இறங்கும்!" என்று மாஸ்டர் எழும்பினார்.

அஜந்தினி தாயை வாய்பிளந்து பார்த்தாள். இதுதான் உங்கள் உண்மையான பேச்சா என்று டேனிஷில் கேட்டாள்.

"ஆமா" என்றாள் மேர்சி.

மகள் மைக்கை வாங்கினாள்.

"மாஸ்டருக்குப் பயந்து நான் ஒராளை விட்டிட்டன்" என்றாள் சபையைப் பார்த்து. "அவரை மறைச்சதுக்கு வெக்கப்படுறன். இப்ப சொல்லுறன், இருந்து கேளுங்கோ."