அத்தைக்காக வாங்குன ஜீப்பு

எங்க வீட்டுல மொத மொத வண்டி வாங்குனது அத்தைக்காகத்தான். இதுல யாருக்கும் சந்தேகம் வந்துரக் கூடாதுன்னு எங்க வீட்டு ஆம்பளைக ராஜபாளையம் பூராச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாக. டீக்கடையில சொன்னாக, பஞ்சு யாவாரிக கிட்டச் சொன்னாக, கோயில் வாசல்ல செருப்பு மாட்டும்போதுகூடச் சொன்னாக. என்ன வண்டி வாங்கலாம்னு அத்தைகிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேக்கல.

அத்தைன்னா எனக்கு மாமியார் மட்டும் இல்ல, எங்கப்பா கூடப் பொறந்த தங்கச்சி. ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்க வீட்டுலயே பொறந்து வளந்து இங்க வாக்கப்பட்டு வந்தவுக. அவுக மகனையே நான் கட்டிக்கிட்டு பின்னாடியே வந்து சேந்தேன். எண்பதுகளோட கடைசியில எங்கப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோச்சு, படுத்த படுக்கை. அந்த வருசமே அத்தை துவைக்கிற கல்லுப் பக்கத்துல வழுக்கி விழுந்து இடுப்ப ஒடச்சுக்கிட்டாக. மதுரையில ஆப்பரேசன் பண்ணி, உள்ள கம்பி வச்சு அனுப்புனாக. வீட்டுக்குள்ள கம்ப ஊண்டி நடப்பாக. ஆனா வலது கால ஒரு சாணுக்கு மேல தூக்க முடியாது. பஸ் படியோ முழங்கால் ஒசரம்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் எம்புட்டு தூரம்? கண்டக்டர் டிக்கெட்டுப் போட்டு முடிக்க முன்ன ஊரு வந்துரும். அந்தத் தூரத்துல இருந்துக்கிட்டு அண்ணனும் தங்கச்சியும் ரெண்டு வருசமா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல. நடுவுல நான்தான் தபால்காரி. இங்கேருந்து மாங்கா ஊறுகா போகும், அங்கேருந்து பால்கோவா வரும். அத்தைக்கு சுகரு, இனிப்பு ஆகாது. இருந்தாலும் அண்ணன் வீட்டுலருந்து வந்ததுன்னு ஒரு கிள்ளு எடுத்து வாயில போட்டுக்கிட்டு, "ஏட்டி, என்னைய எப்ப கூட்டிட்டுப் போவ? அண்ணனுக்கு ஒண்ணு ஆகுறதுக்குள்ள ஒருக்கப் பாத்துறணும்ட்டி"ன்னு என் கையப் பிடிச்சுக்குவாக. வேற எதுவும் யாருகிட்டயும் கேட்டவுக இல்ல.

ஒரு வாடகைக் கார் பிடிச்சா காலையில போயிட்டு மத்தியானம் சாப்பாட்டுக்குத் திரும்பிரலாம். இத நான் சொல்லாத நாளில்ல. சொன்னா எங்க அத்தானுக்கு (புருசனத்தான் சொல்லுதேன்) சுருக்குனு வந்துரும். "நம்ம வீட்டுல சொந்தமா வண்டி வரப்போகுது. இந்த நேரத்துல அம்மா வாடகைக் கார்ல போயி எறங்குனா மாமா வீட்டுல என்ன நினைப்பாக? பத்து நாள் பொறு." பத்து நாள்தானன்னு நானும் பொறுத்தேன். அந்தப் பத்து நாள் எப்ப முடிஞ்சதுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

ரெண்டு வண்டி விலைக்கு வந்துச்சு. தளவாய்புரத்துல ஒரு டாக்டர் வச்சிருந்த அம்பாசிடர் ஒண்ணு. இன்னொண்ணு, பட்டாளத்துல ஏலம் விட்ட ஜீப்பு. ஜீப்பக் கொண்டாந்தது சின்ன மாமா. அவுக எங்க மாமனாரோட தம்பி (மாமனாரு இந்தப் பேச்சுலயெல்லாம் தலையிட மாட்டாக), பட்டாளத்துல வண்டி ஓட்டி ரிட்டயர் ஆனவுக. சோத்துல உப்பு இல்லன்னாகூட, "லடாக்குல எங்களுக்கு..."ன்னு ஆரம்பிச்சிருவாக. அம்பாசிடருக்கு வக்காலத்து வாங்குனது எதிர்வீட்டு மில் மேஸ்திரி. தெலுங்கு பேசுறவுக, தங்கமான மனுசன், ஆனா ஒரு பேச்ச எடுத்தா அத விடவே மாட்டாரு.

பட்டாசாலையில, முன்கூடத்துல, ரெண்டு பேரும் எதிரும் புதிரும் உக்காந்துக்கிட்டாக. நடுவுல எங்க அத்தான், தீர்ப்புச் சொல்ற ஜட்ஜு மாதிரி.

"அம்பாசிடர்ல பின்சக்கரம் ரெண்டுதான் வண்டியத் தள்ளும். முன்சக்கரம் சும்மா உருளும், அம்புட்டுதான். ஜீப்புல இந்தக் குட்டி கியரப் போட்டா நாலும் இழுக்கும். சேத்துல எறங்கினாலும் ஏறி வந்துரும்" — சின்ன மாமா.

"தார் ரோட்டுல போறதுக்கு நாலு சக்கரம் எதுக்கய்யா இழுக்கணும்? பின்னாடி ரெண்டு போதும். டீசல குடிச்சே தீத்துரும்" — மேஸ்திரி.

"நம்ம தோப்புக்குப் போற ஓடைய மறந்துட்டீரா? மழையில அம்பாசிடர் அங்க போகுமா?"

அந்த ஓடையில வருசத்துல பதினோரு மாசம் ஆடுதான் மேயும். மிச்ச ஒரு மாசம் நாங்க தோப்புப் பக்கமே போறதில்ல. இத ஆரு சொல்லுதது? நான் காப்பி கொண்டுபோயி வைக்கும்போது, "சீட்டு எம்புட்டு ஒசரம்னு பாத்தியளா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டேன். மூணு பேரும் என்னைய ஒரு பார்வை பாத்தாக. "சீட்டா?"ன்னு அத்தான் சிரிச்சாக. சின்ன மாமா ரொம்பப் பெருந்தன்மையா, "சீட்டத் தச்சுக்கிரலாம்மா, ரெக்சின் நல்லதா போட்டுறலாம்"னாக. எனக்கு வந்த கோவத்துக்கு அந்தக் காப்பிய அவுக தலையிலயே ஊத்திருப்பேன், பால் விக்கிற விலைக்கு மனசு வரல.

உள்ள கட்டில்ல படுத்திருந்த அத்தைக்கு எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கும். ஒருநா என்கிட்ட மெதுவாக் கேட்டாக: "ஏட்டி, நாலு சக்கரமும்தான சுத்துது? அப்பப் பின்னாடி ரெண்டுதான் வேலை பாக்குமா?"

"ஆமாத்தை. முன்னாடி ரெண்டும் சும்மா கூட வரும்."

"ஓகோ, நம்ம வீட்டு ஆம்பளைக கணக்கா"ன்னாக. இடுப்பு வலிக்க வலிக்கச் சிரிச்சாக.

பேசித் தீராம, ரெண்டு வண்டியவும் ஓட்டிப் பாத்தே முடிவு பண்ணிருவோம்னு ஒரு ஞாயித்துக்கிழமை ஓடைக்குக் கெளம்புனாக. கறிச் சோறு கட்டிக் குடுத்தேன். ஒரு தெருவே கூடப் போச்சு. டாக்டரோட அம்பாசிடர மணல்ல எறக்குனாக, பின்சக்கரம் ரெண்டும் குழி பறிச்சுக்கிட்டு உக்காந்துருச்சு. ஜீப்பு வந்து கயித்தக் கட்டி இழுத்து வெளிய விட்டுச்சாம். பொழுது சாய வந்தாக, ஒடம்பெல்லாம் மணலு. சின்ன மாமா மூஞ்சியப் பாக்கணுமே, போர்ல ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு. மேஸ்திரி ஒரு வாரம் எங்க பக்கமே எட்டிப் பாக்கல. அந்த ஒரு பகலுக்குள்ள ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எத்தனை தடவ போயிட்டு வந்திருக்கலாம்னு நான் வாய்விட்டே கேட்டேன். "ஒனக்கு மெசின் பத்தி என்ன தெரியும்?"னாக அத்தான்.

சரி, ஜீப்புன்னு ஆயிப்போச்சு, இனியாவது எடுப்பாகளான்னு பாத்தா, பட்டாளத்துப் பச்சையில வெளி ஆளுக ஓட்டக் கூடாதாம், பெயின்ட் மாத்தணுமாம். பெயின்ட் ஷாப்புக்குப் போச்சு. என்ன கலர்ங்கறதுக்கு ஒரு பஞ்சாயத்து. அது முடியவும் ஆடி பொறந்துருச்சு. ஆடியில எவனாவது வண்டி எடுப்பானா? ஆவணி பொறக்கட்டும்னு தார்ப்பாயப் போட்டு மூடி வச்சிட்டாக.

அந்த ஆடியிலதான் எங்கப்பாவுக்கு இன்னொரு தடவ இழுத்துச்சு. நான் பஸ்ஸுல ஓடுனேன். உசுரு தங்கிருச்சு, ஆனா ஆளு பாதிதான் இருந்தாரு. ஒரு நாள் என்னையப் பேரு சொல்லிக் கூப்புடுவாரு, மறுநா ஆருன்னு பாப்பாரு. நான் அத்தைகிட்ட இதச் சொல்லல. அத்தான்கிட்டதான் சொன்னேன். "அத்தான், எங்கப்பாவுக்கு நெனவு தப்பித் தப்பி வருது. இன்னைக்கே ஒரு டாக்சி சொல்லுங்க, உங்களக் கும்புடுதேன்." அவுகளுக்கும் கண்ணு கலங்கிருச்சு, பொய் சொல்லக் கூடாது. பொறவு, "ஆவணி ஒண்ணாந் தேதிக்கு இன்னும் எம்புட்டு நாள் இருக்கு? நல்ல காரியமா எடுத்துட்டு, அம்மாவ மொத சவாரியா மாமாவப் பாக்கக் கூட்டிட்டுப் போவோம். அதுதான் மரியாதை"ன்னாக. நல்ல மனுசனுக பண்ற அநியாயத்துக்கு எந்தக் கோர்ட்டுல போயி நிக்குறது?

ஆவணி பொறந்துச்சு. ஜீப்பு வாசல்ல நின்னுச்சு, நீலக் கலர்ல, சாமந்தி மாலையோட. அதுலயும் ஒரு தர்க்கம். எலுமிச்சம்பழத்த எந்தச் சக்கரத்துக்கு வைக்கிறதுன்னு. பூசாரி வழக்கம்போல முன்னாடி ரெண்டுக்கு வைக்கப் போனாரு. சின்ன மாமா தடுத்து, "நாலும் இழுக்குற வண்டி, நாலுக்கும் வையும்"னாக. வச்சாச்சு, சூடம் சுத்தியாச்சு, பூசணிக்கா ஒடச்சாச்சு. தெரு பூரா நிக்குது.

அத்தை மாம்பழக் கலர் பட்டு கட்டி, தலை நெறைய பூ வச்சு கம்ப ஊண்டி வாசலுக்கு வந்தாக. கல்யாணப் பொண்ணு மாதிரி மொகமெல்லாம் பூத்துப்போயிருந்துச்சு. ஜீப்புக்கிட்ட வந்து நின்னு அண்ணாந்து பாத்தாக. சீட்டு அவுக இடுப்புக்கு மேல நின்னுச்சு.

மொதல்ல கால வச்சுப் பாத்தாக, எட்டல. முக்காலி போட்டாக. முக்காலி மேலயே கால் ஏறல. சின்ன மாமா பின்பக்கக் கதவத் தெறந்து, "அண்ணி, ரெண்டு பேரு கக்கத்துல கை குடுத்தா ஒரே தூக்கு"ன்னாக. தூக்குனாக. அத்தை போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. கம்பி வச்ச இடுப்பு அது, கறிக்கடையில தூக்குற சாமானா? எறக்கி விடவும், பல்லக் கடிச்சுக்கிட்டு அந்த முக்காலியிலயே உக்காந்துட்டாக. பூவெல்லாம் உதுந்துபோச்சு.

"லடாக்குல ஸ்ட்ரெச்சர்ல கயிறு கட்டி..."ன்னு ஆரம்பிச்சாக சின்ன மாமா.

"ஏ தம்பி, போதும்"னாக அத்தை. அவுக குரல் அப்படி ஒடஞ்சு நான் கேட்டதில்ல.

அதுக்கு மேல என்னால பொறுக்க முடியல. ஆருகிட்டயும் கேக்கல. கட்டுன சேலையோட டாக்சி ஸ்டாண்டு வரைக்கும் நடந்துபோனேன். அத்தனை ஆம்பளைக நடுவுல நின்னு, "ஸ்ரீவில்லிபுத்தூர் போகணும், எவன் வாரான்?"னு கேட்டேன். ஒரு கெழட்டு அம்பாசிடர் வந்துச்சு. கதவத் தெறந்தோம். அத்தை திரும்பி நின்னு, சீட்டுல மெதுவா உக்காந்தாக. பொறவு நான் அவுக ரெண்டு காலையும் கையில ஏந்தி உள்ள வச்சேன். அம்புட்டுதான். வெத்தல மடிச்சுப் போடுற நேரம்கூட ஆகல. அத்தான் தலையக் குனிஞ்சுக்கிட்டு சக்கரத்தடி எலுமிச்சம்பழத்தப் பாத்துக்கிட்டு நின்னாக. எம் மனசு ஆறல, ஆனா அவுகளப் பாக்கவும் பாவமா இருந்துச்சு.

வழியெல்லாம் அத்தை கண்ணாடிக்கு வெளியவே பாத்துக்கிட்டு வந்தாக. கோபுரம் தெரியவும் கையெடுத்துக் கும்பிட்டாக. வீட்டு வாசல்ல எறங்கும்போது, "ஏட்டி, என் தலை நல்லாருக்கா?"ன்னு கேட்டாக. நல்லாருக்குன்னேன்.

எங்கப்பா கட்டில்ல சாஞ்சு உக்காந்திருந்தாரு. அத்தை போயி அவரு பக்கத்துலயே உக்காந்து கையப் பிடிச்சாக. "அண்ணே"ன்னாக. எங்கப்பா ரொம்ப நேரம் அவுக மூஞ்சியவே பாத்தாரு. நான் உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன். பொறவு அவரு அத்தை கைய மெதுவாத் தட்டி, குழறிக் குழறி, ரொம்ப மரியாதையாச் சொன்னாரு: "நீங்க செத்த தள்ளி உக்காருங்கம்மா. எந் தங்கச்சி வரப்போறா. இடுப்பு ஒடஞ்சவ, அவளுக்கு எடம் வேணும்."

அத்தை என்னைய ஒருக்கத் திரும்பிப் பாத்தாக. பொறவு கம்ப எடுத்து ஊண்டி, கட்டில்ல அந்த எடத்த விட்டுட்டுத் தள்ளி உக்காந்தாக. சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருந்தாக. ரெண்டு பேரும் வாசலப் பாத்துக்கிட்டு இருந்தாக.

நாங்க ராஜபாளையம் திரும்பி வரவும், அத்தான் ஓடி வந்து டாக்சிக் கதவத் தெறந்தாக. காலையில இருந்து சாப்பிடலன்னு பாத்தாலே தெரிஞ்சது. "அம்மா, மாமா என்ன சொன்னாரு?"ன்னாக.

நடந்தத அப்படியே சொல்லிரணும்னு வந்துருச்சு எனக்கு. நான் வாயத் தெறக்குறதுக்குள்ள அத்தை எங் கைய அழுத்திப் பிடிச்சாக.

"நல்லாப் பேசுனாருய்யா. ஜீப்பு எடுத்துட்டியளாமேன்னு ரொம்பச் சந்தோசப்பட்டாரு."

அத்தானுக்கு மூஞ்சி சின்னப் பிள்ளை மாதிரி மலந்துபோச்சு. "நாலு சக்கரமும் இழுக்கும்னு சொன்னியாம்மா?"

"சொன்னேன்லே"ன்னாக அத்தை.